ரெண்டு லைனுக்கு நடுவுல ஒரு பொடக்காலி வழி – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மெட்ரோ ரயில் கேம்ஸ் பத்திப் பேசும்போது, ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் நடுவுல பயணிங்க இல்லாம காலி வண்டி மட்டும் போற இணைப்புத் தண்டவாளம் இருக்கே, அதைப் பத்தி நாலே வரி எழுதியிருந்தேன். அதுக்கு இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, மறையூர்லேர்ந்தும் அந்தப் பக்கம் நகரி, குப்பத்துலேர்ந்தும் இத்தனை கேள்வி வரும்னு நெனைக்கவே இல்லைங்க. அதனால இந்தத் தடவை முழுப் பக்கமும் அதுக்கே. எங்க பாலக்காட்டு எல்லையில அண்ணன் தம்பி வீடு ரெண்டு முதுகோட முதுகா ஒட்டி இருந்தா, முன்வாசல் ஒண்ணு இந்தத் தெருவுல, இன்னொண்ணு அந்தத் தெருவுல இருக்கும், வர்ற விருந்தாளி எல்லாம் அந்த வாசல் வழியாத்தான், ஆனா ஒலக்கை, மொறம், ஏணி, கன்னுக்குட்டி எல்லாம் பொடக்காலி, அதாவது கொல்லைப்புறம், வழியாத்தான் கைமாறும். மெட்ரோவுல இந்த லிங்க்கும் அப்படித்தான், அதனால நான் இதுக்கு வெச்சிருக்கற பேரு பொடக்காலி வழி. யார் பேரும் போடலை, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

அண்ணா, ஊர் கட்டற கேம் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் ரெண்டுல ரெண்டு மெட்ரோ லைன் போட்டேன். மொதல் லைன்ல டிப்போ இருக்கு. ரெண்டாவது லைன் ஊர் நடுவுல போகுது, டிப்போ போட எடமே இல்ல, அதனால வண்டியே வரமாட்டேங்குது. வீடுங்களை இடிச்சுட்டு டிப்போ கட்டட்டுமா, இல்ல லிங்க் போடட்டுமா? – நகரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

லிங்க் போடுங்க தம்பி, வீட்டை இடிக்காதீங்க. 2015-ல வந்த மொதல் ஸ்கைலைன்ஸ்ல மெட்ரோவுக்கு டிப்போங்கற பேச்சே கிடையாது, ஸ்டேஷன் கட்டி லைன் போட்டா வண்டி தானா வந்து நிக்கும், அதுல பழகின கைக்கு 2023-ல வந்த ரெண்டாவது பாகம் ஒரு அதிர்ச்சிதான், ஏன்னா அதுல வண்டி டிப்போலேர்ந்து கெளம்பி தண்டவாளத்து மேலயே ஓடி லைனுக்கு வரணும். தண்டவாளம் ஒட்டியிருந்தா ஒரே டிப்போ ரெண்டு லைனுக்கும் வண்டி அனுப்பும். சென்னையையே பாருங்க, மொதல் கட்டத்துல பெரிய டிப்போ கோயம்பேட்டுல, அது பச்சை லைன் மேல இருக்கு, நீல லைன் அந்தப் பக்கமே வராது. ரெண்டு லைனும் ஆலந்தூர்ல சந்திக்குது, அந்த ஸ்டேஷனை ஒட்டி இருக்கற இணைப்பு வழியாத்தான் இந்த லைன் வண்டி அந்த லைனுக்குப் போகுது.

ஆனா லிங்க்கை எங்க போடறதுங்கறதுலதான் எல்லாரும் சறுக்கறாங்க. ரெண்டு லைனும் சந்திக்கற ஸ்டேஷன்லயே போட்டுடலாம்னு தோணும், அங்கதான் முடியாது, ஏன்னா ஒரு லைன் மேல போகும் ஒண்ணு கீழ போகும், ஆலந்தூர்லயும் அப்படித்தான் ரெண்டு மாடி. மெட்ரோவுல ஏத்தம் அதிகபட்சம் நூத்துக்கு நாலுன்னு வெச்சுக்கங்க, அதாவது 100 மீட்டர் ஓடினா 4 மீட்டர் ஏறலாம். ரெண்டு தண்டவாளத்துக்கும் 8 மீட்டர் வித்தியாசம்னா சரிவுக்கு மட்டுமே 200 மீட்டர் வேணும், அதுக்கு ரெண்டு முனையிலயும் சரிவு மெதுவா ஆரம்பிச்சு மெதுவா முடிய எடம் தனியா வேணும். அதனால ஸ்டேஷனை விட்டுத் தள்ளி, ரெண்டு லைனும் ஏறக்குறைய ஒரே மட்டத்துல பக்கத்துல ஓடற எடம் எதுன்னு தேடுங்க. அந்த மாதிரி எடம் உங்க மேப்ல இல்லைன்னா ஒரு லைனோட மட்டத்தை அங்க மாத்துங்க, லிங்க்கை வளைச்சு வளைச்சுக் கொண்டுபோகாதீங்க.

இன்னொண்ணு, டிப்போ எந்தத் திசையில இருக்கோ அந்தத் திசையைப் பாத்து லிங்க் பிரியணும். தப்பாப் பிரிஞ்சா ஒவ்வொரு வண்டியும் தாண்டிப் போய் நின்னு திரும்பி வரும், அது லைனையே அடைச்சுடும். இதைப் பத்தி அடுத்த கடுதாசியில ஒரு பெரியவரே கேட்டிருக்காரு.

தம்பி, நான் முப்பது வருசம் ரயில் வண்டி ஓட்டி ரிட்டயர் ஆனவன். பேரன் ஓப்பன்டிடிடின்னு ரயில் விடுத கேம் வெளையாடுதான். ரெண்டு லைனுக்கு நடுவுல ஒத்தை லைன் லிங்க் போட்டிருக்கான், அதுல ரெண்டு வண்டி எதிரும் புதிருமா வந்து நின்னுட்டு மணிக்கணக்கா நவுரவே மாட்டேங்கு. சிக்னல் எல்லாம் வச்சிருக்கேன்னுதான் சொல்லுதான். அவன் என்ன தப்பு பண்ணுதான்? – செங்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர்

ஐயா, வணக்கம். உங்களுக்கு நான் சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கற மாதிரி, இருந்தாலும் பேரனுக்குன்னு கேட்டதால சொல்றேன். அவன் லிங்க்குக்கு உள்ள சிக்னல் வெச்சிருப்பான், நெறைய வெச்சா பத்திரம்னு நெனைச்சு. அந்த கேம்ல பாத் சிக்னல்னு ஒண்ணு இருக்கு, வண்டி தனக்குப் போக வேண்டிய பாதையை அடுத்த சிக்னல் வரைக்கும் புடிச்சு வெச்சுக்கிட்டு அப்பறம்தான் நகரும். லிங்க் நடுவுல ஒரு சிக்னல் இருந்தா வண்டி அதுவரைக்கும் மட்டும் புடிச்சுக்கிட்டு உள்ள வந்துடும், எதிர்ப்பக்கத்து வண்டியும் அதே மாதிரி அந்தப் பக்கத்துலேர்ந்து உள்ள வந்துடும், அப்பறம் ரெண்டுக்கும் பின்னாடி போக வழி இல்ல. அதனால லிங்க்குக்கு உள்ள சிக்னலே வேண்டாம். நுழையற ரெண்டு முனையிலயும் வெளிய ஒண்ணொண்ணு, வண்டி நின்னா யாருக்கும் எடஞ்சல் இல்லாத எடத்துல. வெளியேறின பின்னாடி வர்ற மொதல் சிக்னலுக்கும் லிங்க் வாய்க்கும் நடுவுல ஒரு முழு வண்டி நீளம் எடம் விடணும், இதைத்தான் பசங்க விட்டுடறாங்க.

நான் என் அண்ணன் பையனுக்கு இதைத் தரையில காட்டினேன். சாக்பீஸ்ல லைன் வரைஞ்சு ஆறு புளியங்கொட்டையை வரிசையா ஒட்டி வெச்சு விரலால தள்ளிக்கிட்டே வந்தேன், மொதக் கொட்டை சிக்னல்கிட்ட போய் நின்னப்ப கடைசிக் கொட்டை பாதி பாயிண்ட் மேல, அதாவது தண்டவாளம் பிரியற எடத்து மேல, பாதி லிங்க்குள்ள. "சித்தப்பா, வாலு வெளிய வரலை"ன்னான். அவ்வளவுதான், அதுக்கப்பறம் அவன் வரையற எந்த லிங்க்லயும் வாலு மாட்டினதில்ல.

நேரக் கணக்கும் இதேதான். லிங்க் 300 மீட்டர், வண்டி ஆறு பெட்டி, பெட்டிக்கு 22 மீட்டர்னா 132 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல போனா எல்லாரும் 300-ஐ வகுத்துட்டு 72 செகண்டுன்னு சொல்லுவாங்க. ஆனா வாலு வெளிய வர 432 மீட்டர் ஓடணும், அது 100 செகண்டுக்கு மேல. அந்த லைன்ல 3 நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்தா மொத்தமே 180 செகண்ட், அதுல பாயிண்ட் மாத்தற நேரம், சிக்னல் விழற நேரம் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுடுவீங்க. அதனாலதான் நிஜத்துல இந்த வேலை எல்லாம் ராத்திரி கடைசி வண்டிக்கு அப்பறம் நடக்குது.

நீங்க தனியா ஒரு துண்டுல ஃபேசிங் பாயிண்ட் நல்லதா டிரெய்லிங் பாயிண்ட் நல்லதான்னு பேரன் கேட்டதா எழுதியிருந்தீங்க. ஓடற திசைக்கு எதிர்ல வாய் தொறந்து நிக்கறது ஃபேசிங், அதுல கோளாறு வந்தா பயணிங்களோட வர்ற வண்டி லிங்க்குக்குள்ள போயிடும். டிரெய்லிங்னா மெயின் லைன் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்ல, ஆனா லிங்க்குக்குப் போற வண்டி தாண்டிப் போய் நின்னு, டிரைவர் எறங்கி அந்த 132 மீட்டரையும் நடந்து மறு கேபினுக்குப் போய்த்தான் திரும்பணும், அதுக்கே கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம். எப்பவாவது ஒரு தடவை புழங்கற லிங்க்குக்கு டிரெய்லிங் போதும், தெனமும் பத்து வண்டி போகும்னா ஃபேசிங், இல்லேன்னா பக்கத்துல பாக்கெட் டிராக்னு வண்டி ஒதுங்கி நிக்கற ஒரு குட்டித் தண்டவாளம் போட்டு அதுக்குள்ள திரும்பணும். பேரன்கிட்ட ஒங்க ஊர்லேர்ந்து புனலூர் போற மலைப்பாதையில பின்னாடி பேங்கர் இன்ஜின் போட்டுத் தள்ற கதையைச் சொல்லுங்க ஐயா, ஏத்தத்துல லிங்க் போட்டா கோளாறாகி நின்ன வண்டியை இழுத்துக்கிட்டு ஏற முடியுமான்னு அவனே யோசிக்க ஆரம்பிப்பான்.

கொச்சி மெட்ரோ வண்டியை சென்னை மெட்ரோ லைன்ல ஓட விடலாமா? கேம்ல ஓடுதே! – களியக்காவிளை

கேம்ல ஓடும், நிஜத்துல ஓடாதுங்க. ரெண்டுலயும் கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற அகலம், 1,435 மில்லிமீட்டர்தான், அது வரைக்கும் சரி. ஆனா கொச்சி வண்டி பக்கத்துல இருக்கற மூணாவது தண்டவாளத்துலேர்ந்து 750 வோல்ட் டிசி எடுக்குது, சென்னை வண்டி தலைக்கு மேல கம்பியிலேர்ந்து 25,000 வோல்ட் ஏசி எடுக்குது. இன்ஜின் போட்டு இழுத்துட்டு வேணா போகலாம்.

இழுத்துட்டுப் போறதுன்னு சும்மா சொல்லலைங்க, டோக்கியோவுல வழக்கமா நடக்கற வேலையே அதான். அங்க ஓயேடோ லைன் வண்டிங்க லினியர் மோட்டார்ல ஓடுது, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு பட்டைத் தகடு இருந்தாத்தான் அந்த மோட்டாருக்கு வேலை. அதோட பெரிய ஒர்க்‌ஷாப் அசகுசா லைன் மேல இருக்கு, அங்க அந்தத் தகடு கிடையாது. கேஜ் ஒண்ணு, லிங்க்கும் இருக்கு, வண்டியால மட்டும் சொந்தமா நகர முடியாது. அதுக்குன்னே இ5000-னு ஒரு எலெக்ட்ரிக் இன்ஜின் செஞ்சாங்க, 2006-லேர்ந்து அதுதான் ஓயேடோ வண்டிங்களை ஷியோடோமே பக்கத்து லிங்க் வழியா இழுத்துட்டுப் போகுது. கேம்ல லிங்க் வரையறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துக்கங்க, கேஜ், கரண்டு, வண்டியோட அகலம்.

நான் பன்னெண்டாவது படிக்கிறேன் அண்ணா. இந்த மாதிரி லிங்க் வேற ஊர்கள்ல எங்க இருக்கு? பயணிங்க ஏன் அதுல போகக்கூடாது? – குப்பம்

நல்ல கேள்வி தங்கச்சி. லண்டன்ல கிங்ஸ் கிராஸ்ல பிக்கடில்லி லைனுக்கும் நார்தர்ன் லைனுக்கும் நடுவுல ஒரு சுரங்க லிங்க் இருக்கு, நார்தர்ன் லைன் வண்டிங்க ஆக்டன்ல இருந்த பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்குன்னே அது வேண்டியிருந்தது. பேக்கர் ஸ்ட்ரீட்ல பேக்கர்லூ லைனும் ஜூபிளி லைனும் ஒட்டியிருக்கு, அதுக்குக் காரணம் வேற, 1979-க்கு முன்னாடி ஜூபிளி லைனோட ஒரு கிளை பேக்கர்லூவோடதா இருந்துச்சு, பிரிச்சுக் குடுத்த பின்னாடியும் அந்த வழி நின்னுருச்சு, பாகம் பிரிச்ச வீட்டுல நடுக்கதவு மாதிரி. டோக்கியோவுல அகசகாமிட்சுகேங்கற ஸ்டேஷன்ல கின்சா லைனும் மருனோவுச்சி லைனும் சேருது, கின்சா வண்டி அந்த வழியா நகானோ ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டு வரும். நியூயார்க்ல ஏழாம் நம்பர் லைனுக்கு மத்த எல்லா லைனோடவும் இருக்கற ஒரே தண்டவாளத் தொடர்பு குவீன்ஸ்போரோ பிளாசாவுலதான், வேர்ல்ட் ஆஃப் சப்வேஸ்ங்கற மெட்ரோ ஓட்டற கேமோட நாலாம் பாகம் இந்த ஏழாம் நம்பர் லைனை வெச்சுத்தான் வந்தது. அந்த நியூயார்க்லயே இன்னொரு வேடிக்கை, நம்பர் போட்ட லைன் வண்டி அகலம் சுமார் 2.7 மீட்டர், எழுத்து போட்ட லைன் வண்டி சுமார் 3 மீட்டர். சின்னது பெரிய சுரங்கத்துக்குள்ள போகும், பெருசு சின்னதுக்குள்ள போகாது. அதனால ரிப்பேர் வேலைக்குப் போற வண்டிங்களை எல்லாம் சின்ன அகலத்துலயே செஞ்சு வெச்சிருக்காங்க, எங்க வேணாலும் போகணுமே.

பயணிங்க போகக்கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆலந்தூர் வழியா சென்ட்ரல்லேர்ந்து கோயம்பேடு போய் ஏர்போர்ட் வரைக்கும் எறங்காம போற வண்டி சென்னையிலயே விட்டிருக்காங்க. பாரிஸ்ல போர்ட் தே லிலாங்கற எடத்துல ஒரு லிங்க்கில 1921-லேர்ந்து 1939 வரைக்கும் பயணிங்களோட ஒரு குட்டி வண்டி போயிட்டு வந்துச்சு, அந்தப் பழைய பிளாட்பாரத்துலதான் இப்ப சினிமாக்காரங்க மெட்ரோ சீன் எடுக்கறாங்க. அதுக்குப் பக்கத்து லிங்க்ல அக்ஸோன்னு ஒரு ஸ்டேஷனே கட்டிட்டாங்க, தெருவுலேர்ந்து எறங்க வழியே வெட்டாம கடைசி வரைக்கும் தொறக்கவே இல்ல. எனக்கு அந்த ஸ்டேஷனை நெனைச்சா மனசு என்னமோ பண்ணும், பிளாட்பாரம் கட்டி யாருமே வந்து நிக்காத எடம்.

சாதாரணமா விடாததுக்குக் காரணம் என்னன்னா, லிங்க் ஒத்தை லைனா இருக்கும், வளைவு அதிகம், வேகம் கம்மி, ஒரு வண்டி அதுக்குள்ள போனா ரெண்டு லைனும் காத்துக்கிட்டு நிக்கணும். ஒரு லைன்ல லேட்டானா அந்த லேட்டு அடுத்த லைனுக்கும் ஒட்டிக்கும். பத்தாயிரம் பேர் நடந்து போய் வண்டி மாறிக்கறது லைனுக்கு நல்லது.

என் மகனுக்குப் பதினொண்ணு வயசு, மெட்ரோ மேப் வரைஞ்சுக்கிட்டே இருப்பான். எல்லா லைனையும் எல்லா லைனோடயும் லிங்க் பண்ணிடறான். ஏண்டான்னா இருக்கட்டும்மாங்கறான். அது சரியா சார்? – மறையூர், ஒரு பள்ளி ஆசிரியை

டீச்சர், அவனைத் தடுக்காதீங்க, ஆனா ஒவ்வொரு லிங்க்கையும் காட்டி "இதுல எந்த வண்டி, எங்கேர்ந்து எங்க, எத்தனை மணிக்குப் போகும்"னு மட்டும் கேளுங்க. பதில் வந்தா லிங்க் இருக்கட்டும், வரலைன்னா அவனே அழிச்சுடுவான். ஏன்னா ஒவ்வொரு லிங்க்குக்கும் மெயின் லைன்ல ஒரு பாயிண்ட் வேணும், பாயிண்டுன்னா மோட்டார், மழையில தண்ணி, தேய்மானம், அது மேல போற எல்லா வண்டிக்கும் ஒரு தட்டல். அஞ்சு லைனை எல்லாத்தோடயும் எல்லாம் சேத்தா பத்து லிங்க், சங்கிலி மாதிரி கோத்தா நாலே போதும்.

ஒண்ணு கூட இல்லைன்னா என்ன ஆகும்னு கேட்டா லண்டன் வாட்டர்லூ அண்ட் சிட்டி லைனைச் சொல்லுங்க, 1898-ல தொறந்தது, மத்த எந்த லைனோடயும் ஒட்டு இல்ல, பெட்டியை வெளிய எடுக்கணும்னா கிரேன் வெச்சு ரோட்டு மட்டத்துக்குத் தூக்கணும். பெர்லின்ல யு5 லைனுக்கும் யு8 லைனுக்கும் நடுவுல ஆத்துக்கு அடியில ஒரு பழைய சுரங்கம் இருந்துச்சு, பாதுகாப்பு இல்லைன்னு அதை மூடினதும் யு5 வண்டிங்களைப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக டிரெய்லர் லாரியில ஏத்தி ரோட்டு வழியா எடுத்துட்டுப் போக வேண்டி வந்துச்சு. ஒரு லிங்க்கோட மதிப்பு அது போன அன்னிக்குத் தெரிஞ்சது.

நம்ம நாட்டுலயும் காட்டலாம். கொல்கத்தாவுல 1984-ல ஓட ஆரம்பிச்ச நீல லைன் 1,676 மில்லி பிராட் கேஜ், பச்சை லைன் 1,435. டெல்லியிலயும் மொதல்ல வந்த சிவப்பு, மஞ்சள், நீல லைன் பிராட் கேஜ், வயலட், பிங்க், மெஜந்தா எல்லாம் ஸ்டாண்டர்டு. எத்தனை ஆசைப்பட்டாலும் அங்க லிங்க் போட முடியாது. நான் சின்ன வயசுல எங்க பாலக்காடு பொள்ளாச்சி லைன் மீட்டர் கேஜா இருந்தப்ப மீனாட்சிபுரம் ஸ்டேஷன்ல நின்னு எங்க தாத்தாகிட்ட, இந்த வண்டி ஏன் திருவனந்தபுரம் போகாதுன்னு கேட்டேன், அவரு ரெண்டு கையையும் அகட்டிக் காட்டி "அந்த வழி இவ்வளவு அகலம் கண்ணு, இதோட காலு எட்டாது"ன்னாரு. உங்க பையனுக்கும் அப்படியே காட்டுங்க.

சார், லிங்க் போட்டதுலேர்ந்து ஓப்பன்டிடிடில ஒரு லைன் வண்டி அடிக்கடி அடுத்த லைனுக்குப் போயிடுது. – புத்தூர்

அது ரிப்பேருக்கு டிப்போ தேடிப் போகுதுங்க. வண்டிக்குத் தானா சர்வீஸ் பண்ணிக்கற பழக்கம் இருக்கு, பக்கத்துல எந்த டிப்போ தெரியுதோ அங்க ஓடும், லிங்க் போட்டதும் அடுத்த லைன் டிப்போ அதுக்குப் பக்கமாத் தெரிய ஆரம்பிச்சிருக்கு. வண்டியோட ஆர்டர்லயே சொந்த டிப்போவைச் சேத்துடுங்க, அப்படிச் சேத்தா அது தானாத் தேடறதை விட்டுடும். இன்னும் வழி மாறினா சொந்த லைன்ல ஒரு வேபாயிண்ட் வெச்சு அது வழியாத்தான் போகணும்னு ஆர்டர் குடுங்க.

என் தம்பி கேரிஸ் மாட்ங்கற கேம்ல மெட்ரோஸ்ட்ராய்னு ரஷ்ய மெட்ரோ ஓட்டறான். அதுல பயணிங்க இல்லாத காலி வண்டியை லிங்க் வழியா டிப்போவுக்குக் கொண்டுபோறதுக்கு ஒரு மணி நேரம் செலவு பண்றான். அதுல என்னங்க இருக்கு? – கொழிஞ்சாம்பாறை, ஒரு அக்கா

அக்கா, ஒரு நாள் ராத்திரி அவன் பக்கத்துல ஒக்காந்து பாருங்க. நான் ஒக்காந்து பாத்தேன், எங்க அண்ணன் பையன்கூட. கடைசி ஸ்டேஷன்ல வண்டி நிக்கும், கதவு தொறக்கும், எல்லாரும் எறங்கியாச்சான்னு பாத்துட்டுக் கதவைச் சாத்துவான். அப்பறம் வழி விடற ஆளு, டிஸ்பேச்சர்னு பேரு, அவர்கிட்ட கேக்கணும், அந்த டிஸ்பேச்சரும் இன்னொரு ஊர்ல ஒக்காந்திருக்கற ஆளுதான், ஒரே சர்வர்ல பத்துப் பேர் வண்டி ஓட்டிட்டு இருப்பாங்க, இவனுக்கு வழி விட்டா யாரோ ஒருத்தர் பின்னாடி காத்திருக்கணும். அதனால பதில் வர நேரமாகும். இவன் கையைத் தொடையில தொடைச்சுக்கிட்டே சிக்னலைப் பாத்துட்டு இருப்பான்.

பாயிண்ட் திரும்பினதும் மெதுவா நகர்த்துவான். நிஜ மெட்ரோவுல இந்த எடத்துல ஒண்ணு நடக்கும், பாயிண்ட் இருக்கற எடத்துல கரண்டு வர்ற மூணாவது தண்டவாளம் விட்டுப் போகும், வண்டி அந்த எடைவெளியைத் தாண்டறப்ப, முக்கியமா பழைய வண்டிங்கள்ல, பெட்டிக்குள்ள லைட் ஒரு தடவை கண்ணை மூடித் தொறக்கும். ரொம்ப மெதுவாப் போய் சின்ன வண்டி சரியா அந்த எடைவெளியிலயே நின்னுட்டா கரண்டே கிடைக்காது, இன்னொரு வண்டி வந்துதான் தள்ளணும். ரொம்ப வேகமாவும் போகக்கூடாது, வளைவு. அந்த ரெண்டுக்கும் நடுவுல வண்டியைப் புடிச்சு நிறுத்தி ஓட்டறதுதான் அவன் அந்த ஒரு மணி நேரமா செய்யறது. போன வாரம் எங்க பையன் லிங்க்கைத் தாண்டி அடுத்த லைன் தண்டவாளத்துல வண்டியோட வாலு முழுசா வந்ததும் டிஸ்பேச்சருக்கு "வெளிய வந்துட்டேன், வழி காலி"ன்னு சொல்லிட்டு, அப்பறம்தான் எழுந்து போய்த் தண்ணி குடிச்சான்.